தோட்டா வாரின் ஐந்தாவது துளை

லபீப் ஷனூதா தன் இரண்டாவது தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு பழைய தோட்டா வாரின் இரு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து இழுத்தபடி இருவர் காப்பிக்கடைக்குள் நுழைந்தார்கள். ஒரு முனையில் பழைய சாமான் வியாபாரி ஷஹாத்தா. மறுமுனையில் கறுப்பு ஆடை அணிந்த, பதூவி என்னும் பாலைவனக் குடியைச் சேர்ந்த ஒரு பெண். மழையில் நனைந்து, கணுக்கால்வரை சந்தைச் சேறு.

"விடு கையை. அது செத்த மனுஷனோட சாமான்" என்றாள் அவள்.

"இந்தச் சந்தையில இருக்கறது எல்லாமே செத்தவங்க சாமான்தான். உயிரோட இருக்கறவன் எவன் எங்கிட்ட கொண்டாந்து விக்கிறான்?" என்றான் ஷஹாத்தா.

அலெக்ஸாந்திரியாவின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இப்படிப்பட்ட வழக்குகள் லபீப்பிடம்தான் வந்து சேரும். முப்பத்தொரு வருஷம் ராணுவக் கிடங்கில் இருந்தவர். பெல்ட், தண்ணீர்க் குப்பி, பூட்ஸ், எதைக் கொடுத்தாலும் எந்த நாட்டுப் படை, எந்த வருஷம் என்று சொல்லிவிடுவார். கூலி ஒரு தேநீர். அவர் வாய் திறந்ததால் விலை இரட்டிப்பான சாமான்களும் உண்டு, குப்பைக்குப் போனவையும் உண்டு.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸக்லூல் நிமிர்ந்தான். நாற்பத்தைந்து வயது டாக்ஸிக்காரன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் லபீப்பைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தானும் இருந்துவிடுவான். பத்திரிகையில் குற்றச் செய்திப் பக்கத்தைத் தவிர வேறெதையும் படிக்காதவன். தன் வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரும் எதையோ மறைக்கிறார்கள் என்று நம்புகிறவன்.

"ரெண்டு பேரும் கையை எடுங்க. பெல்ட்டை மேசையில வைங்க. நீ உக்காரும்மா" என்றார் லபீப்.

பெல்ட் மேசைக்கு வந்தது. அவள் உட்காரவில்லை.

"அலமைன் மண்ணுல தோண்டி எடுத்தது, உஸ்தாத்" என்று ஷஹாத்தா தொடங்கினான். "இங்கிலீஷ்காரன் பெல்ட்டு. நாப்பத்திரெண்டாம் வருஷத்துச் சண்டை."

லபீப் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நாப்பத்திரெண்டுல இங்கிலீஷ் சிப்பாய் இடுப்புல இருந்தது கித்தான் துணி. அவன் மெஷின்கன்னுக்குள்ள போன பட்டையும் கித்தான்தான், நடுவுல பித்தளை வச்சு அடிச்சிருப்பான். ஜெர்மன்காரனுக்கு இரும்புக் கண்ணி கோத்த சங்கிலி. ஒரு தோட்டாவுக்கு ஒரு வளையம்னு தோல்ல தச்ச இந்த மாதிரி பெல்ட்டு அதுக்கு முந்தின சண்டையோடது."

அவர் ஒரு வளையத்தை விரலால் விரித்து வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே பச்சைக் களிம்பு படிந்திருந்தது.

"தோல்ல பித்தளை வருஷக்கணக்கா ஒட்டிக் கிடந்தா இப்படித்தான் பச்சை விடும். இங்கிலீஷ் தோட்டாவுக்கு அடியில உதடு மாதிரி ஒரு விளிம்பு உண்டு. அது வளையத்தோட வாயில ஒரு பள்ளம் போட்டிருக்கும். இதுல பள்ளமே இல்ல. துருக்கிக்காரனோட மவுசர் தோட்டா. பதினஞ்சாம் வருஷம் மேற்குப் பாலைவனத்துல இங்கிலீஷ்காரனை எதிர்த்து நின்ன செனூசிக்காரங்களுக்குத் துருக்கிக்காரன் கொடுத்தது."

"என் வீட்டுக்காரரோட பாட்டனார் செனூசிக்காரங்களோட நின்னவர்" என்றாள் அந்தப் பெண். "பக்கிள்ல இருந்து எண்ணுங்க, ஐயா. ஏழாவது வளையம் ஆட்டுத்தோல். நான் தச்சது. நூல் கறுப்பு ஆட்டு மயிர். முடிச்சு உள்பக்கம் இருக்கும்."

லபீப் எண்ணினார். ஏழாவது வளையம் நிறம் வெளுத்த ஆட்டுத்தோல். கறுப்பு நூல். உள்பக்கம் முடிச்சு.

ஷஹாத்தா கூரையில் ஒழுகும் இடத்தைப் பார்க்கத் தொடங்கினான்.

"மண்ணுல புதைஞ்ச தோல் கருவாடு மாதிரி விறைச்சுப் போகும். இதுக்கு யாரோ கொழுப்பு தடவி வளர்த்திருக்காங்க" என்றார் லபீப்.

"ஒட்டகக் கொழுப்பு. ரமலான்ல நான்தான் தடவினேன்" என்றாள் அவள்.

அவள் பெயர் ரப்ஹா. மேற்கே ஹம்மாம் பக்கத்துப் பாலைவனத்தைச் சேர்ந்தவள். அவள் நின்றுகொண்டே கதையைச் சொன்னாள். சொல்லும்போது மேசைக்கும் வாசலுக்கும் இடையே இரண்டடி முன்னும் பின்னும் நடந்தாள். ஈரமான தரையில் அவள் காலடிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன.

அவள் கணவன் மிஃப்தாஹ் பாலைவனத்தில் பழைய போர்க்காலத்துச் செம்பும் பித்தளையும் பொறுக்கி விற்பவன். இரண்டு மாதத்துக்கு முன்னால், தமன்ஹூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஃபிக்ரி என்று ஒருவர் வந்தார். மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டும் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. மூன்று நாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டார். நான்காம் நாள் ரப்ஹா தங்கையின் பிரசவத்துக்காகப் போயிருந்தாள். அன்று மாலை மிஃப்தாஹின் அண்ணன் இத்ரீஸ் அங்கேயே வந்து சொன்னார். கண்ணிவெடி. மிஃப்தாஹ் போய்விட்டான்.

"அந்த ஃபிக்ரி?" என்று கேட்டார் லபீப்.

"அவர் காலையிலேயே ஊருக்கு பஸ் ஏறிட்டார்னு அண்ணன் சொன்னார். நான் முகத்தைப் பாக்கணும்னு கேட்டேன். பாக்கறதுக்கு ஒண்ணுமில்லேன்னார். எங்க ஆளுங்களை அடக்கம் பண்ற இடத்துக்குக் கொண்டுவராம, விழுந்த எடத்துலயே குழி வெட்டிட்டாங்க. ஒரு செருப்பைக் கொண்டாந்து கையில குடுத்தார். பெல்ட்டு எங்கேன்னேன். இடுப்போட சேர்ந்து சிதறிப்போச்சுன்னார்." அவள் பெல்ட்டைப் பார்த்தாள். "இன்னியோட நாப்பத்தேழு நாள். நேத்து என் தங்கச்சி புருஷன் இந்த ஆள் கடையில இதைப் பாத்துட்டு வந்து சொன்னான். துக்கம் காக்கற பொம்பளை வாசல் தாண்டக் கூடாது, தெரியும். இருந்தாலும் கெளம்பிட்டேன்."

"செருப்பு இருக்கா?"

அவள் துணிப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இடதுகால் தோல் செருப்பு. லபீப் அதைத் திருப்பிப் பார்த்தார். அதன் வார் எங்கும் அறுபடவில்லை. பக்கிள் ஒழுங்காகக் கழற்றப்பட்டிருந்தது. அவர் அதை மேசையில் வைத்துவிட்டு, பெல்ட்டையும் ஒருமுறை முழுக்கத் தடவிப் பார்த்தார். கருகலோ கிழிசலோ இல்லை.

ஸக்லூலால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "இதுல யோசிக்க என்ன இருக்கு, உஸ்தாத்? கண்ணிவெடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அண்ணன்தான் தம்பியை முடிச்சிருக்கான். பெல்ட்டைக் கழட்டி வித்திருக்கான்."

"அதைத்தான் நானும் நேத்துல இருந்து நெனைச்சிட்டு இருக்கேன்" என்றாள் ரப்ஹா. குரல் சட்டென்று தாழ்ந்தது. "அவர் கொண்டாந்து போடற மாவுலதான் என் புள்ளைங்க ரொட்டி தின்னுது. அது கொலைகாரன் மாவான்னு எனக்குத் தெரியணும், ஐயா. அதுக்குத்தான் வந்தேன்."

"உன்னைக் கட்டிக்க நெனைக்கிறானோ என்னவோ" என்றான் ஸக்லூல்.

"அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது." அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஆனா ஒண்ணு. எங்க பெரியப்பா மகன், எங்க வழக்கத்துல கட்டிக்கிற முறைதான், துக்கக் காலம் முடிஞ்சதும் என்னைக் கட்டிக்கிறேன்னு ஆள் விட்டுக் கேட்டான். அண்ணன் கொதிச்சுப் போயிட்டார். நாலு மாசம் பத்து நாள் இல்ல, நாப்பது வருஷம் ஆனாலும் அந்தப் பேச்சு இந்த வாசலுக்கு வரக்கூடாதுன்னார்."

"பாத்தீங்களா?" என்று ஸக்லூல் மேசையைத் தட்டினான்.

லபீப் பார்த்ததாகத் தெரியவில்லை. "அந்த ஃபிக்ரி துக்கம் விசாரிக்க வந்தாராம்மா? மூணு நாள் உங்க வீட்டு உப்பைத் தின்னவராச்சே."

"இல்ல. அவர் பொண்டாட்டிதான் வந்தா, புருஷனைத் தேடிக்கிட்டு. இடுப்புல ஒரு பொண் கொழந்தை. ஊருக்கு வந்து சேரலையாம். அண்ணன் ரோட்டுலயே மறிச்சு, பஸ் ஏறினதைக் கண்ணால பாத்தேன்னு சொல்லி அனுப்பிட்டார். நான் உள்ள இருந்து பாத்துட்டுத் தண்ணி கொடுத்தனுப்பினேன். குடிச்சிட்டு என்கிட்ட வந்தா. எனக்கு ஆறுதல் சொன்னா. 'உனக்காவது போய் உக்காந்து அழ ஒரு குழி இருக்கு, எனக்கு அதுவும் இல்ல'ன்னு சொல்லிட்டுப் போனா."

வெளியே மழை வலுத்தது. வருஷத்தின் முதல் கடல் புயல். தார்ப்பாய்களை இழுத்துக் கட்டும் வியாபாரிகளின் கூச்சல் கேட்டது. லபீப் மறுபடியும் பெல்ட்டின் மேல் குனிந்தார்.

"எந்த ஓட்டையில மாட்டுவார் உன் வீட்டுக்காரர்?"

"நாலாவது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நாலாவதுதான்."

நாலாவது துளை நீள்வட்டமாக இழுபட்டு, ஓரம் கறுத்து, வழவழவென்று இருந்தது. அதற்கு இரண்டு விரல் தள்ளி, இடுப்பை இன்னும் இறுக்கும் பக்கமாக, ஐந்தாவதாக ஒரு துளை இருந்தது. காய்ச்சிய ஆணியால் போட்டது. ஓரம் இன்னும் வெளிறியே இருந்தது. ஆனால் அதுவும் ஒரு பக்கமாகக் கொஞ்சம் இழுபட்டிருந்தது.

"இது?"

ரப்ஹா குனிந்து பார்த்தாள். "இது கிடையாது. ரமலான்ல நான் கொழுப்பு தடவினப்ப நாலுதான்."

லபீப் ஒரு தீக்குச்சியை எடுத்தார். முன்பக்க வளையங்களைச் சுரண்டினார். ஒன்றும் வரவில்லை. முதுகுப்பக்கம் வரும் வளையங்களைச் சுரண்டினார். வெள்ளையாகப் பரல்கள் உதிர்ந்தன. ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு இன்னொன்றை ஸக்லூலிடம் நீட்டினார்.

"உப்பு" என்றான் ஸக்லூல். "கடலோரத்து ஆளுதானே?"

"கடல்காத்து உப்பு மாவு மாதிரி எல்லா எடத்துலயும் படியும். இது கடிச்சா நொறுங்குது. முதுகுப்பக்கம் மட்டும் இருக்கு." பிறகு ஷஹாத்தாவிடம் திரும்பினார். "இதை உனக்கு வித்தவன் மக்ஸ் பக்கத்து ஆளா?"

ஷஹாத்தா கூரையிலிருந்து கண்ணை இறக்கினான். "உப்பளத்து வாசல்ல டீ விக்கிறானே மொட்டையன், அவன்கிட்ட வாங்கினேன். போன செவ்வாய்க்கிழமை. உஸ்தாத், உங்களுக்கு எவன் சொன்னான்?"

லபீப் பதில் சொல்வதற்குள் வாசல் இருண்டது. உயரமான பதூவி ஒருவர் நனைந்த கம்பளி மேலாடையோடு உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். ரப்ஹாவை முதலில் பார்த்தார். அப்புறம் மேசையில் கிடந்த பெல்ட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரவேண்டிய இடத்தில் பயம் வந்தது. லபீப் அதைக் கவனித்தார்.

"எழுந்து வா, ரப்ஹா. துக்கக் காலத்துல சந்தைக்கு வந்து நிக்கிற. ஊர் என்ன பேசும்?"

"நான் உக்காரவே இல்லையே, அண்ணே, எழுந்திருக்க" என்றாள் அவள். "பெல்ட்டு சிதறிப்போச்சுன்னீங்க."

"இந்த மாதிரி பெல்ட்டு பாலைவனத்துல ஆயிரம் கெடக்கும்."

"ஏழாவது வளையத்துல என் தையலோட ஆயிரம் கெடக்காது."

ஸக்லூல் எழுந்து போய் வாசலை மறித்து நின்றுகொண்டான். லபீப் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, ஷேக் இத்ரீஸ். ரெண்டே கேள்வி. உங்க தம்பி எப்படிப்பட்ட ஆள்?" என்றார்.

இத்ரீஸ் எதிர்பார்க்காத கேள்வி. "தம்பி தங்கமானவன். என் தம்பியை மாதிரி வழி தெரிஞ்சவன் அந்தப் பக்கத்துல கிடையாது."

"அடக்கம் பண்ணினது நீங்கதானா?"

"ஆமா. அந்த மனுஷனை நான்தான் இந்தக் கையால எடுத்துப் போட்டேன். அல்லாஹ் அந்த மனுஷனுக்கு இரக்கம் காட்டட்டும்."

"போதும்" என்றார் லபீப். தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை ஒதுக்கி வைத்தார்.

"ஸக்லூல், நீ நாப்பது நிமிஷமா ஒரு கொலையைத் தேடிட்டு இருக்க. கொலையே இல்ல. இந்தச் செருப்பைப் பாரு. வெடியில கால் போனா வார் அறுந்திருக்கும். இதை யாரோ உக்காந்து பக்கிளைக் கழட்டி எடுத்திருக்காங்க. பெல்ட்டுலயும் ஒரு கீறல் இல்ல. அப்ப வெடிச்சப்போ ரெண்டும் அந்த உடம்புல இல்ல."

"அதைத்தானே நானும் சொன்னேன். செத்தவன் கிட்ட இருந்து கழட்டிட்டான்னு."

"செத்தவன் இளைப்பானா? இந்த அஞ்சாவது ஓட்டை ரமலான்ல கிடையாது. இதைப் போட்டவனுக்கு இடுப்பு ரெண்டு விரல் சிறுத்துப்போச்சு. போட்டதோட நிக்கல, அந்த ஓட்டையில பக்கிளை மாட்டி தோல் இழுபடற வரைக்கும், பல நாள் உடம்பை வளைச்சு வேலை செஞ்சிருக்கான். வேற ஒருத்தன் இடுப்பா இருந்தா, நாலாவதுக்குப் பக்கத்துலயே வருமா? அதே ஆளுதான், பட்டினி கெடந்த அதே ஆளு."

ரப்ஹாவின் நடை நின்றது.

"உப்பு முதுகுப்பக்கம் மட்டும் இருக்கு. மூட்டை தூக்கறவன் முதுகுலதான் உப்பு கொட்டும். கடிச்சா நொறுங்கற பரல் உப்பு இந்த ஊர்ல மக்ஸ் உப்பளத்துலதான் உண்டு. ஷஹாத்தா வாயாலயே அது உறுதியாச்சு."

"ஆனா அந்தக் கல்யாணப் பேச்சு?" என்றான் ஸக்லூல். குரலில் சுருதி இறங்கிவிட்டது.

"அதை என்னை மாதிரி ஒரு கிறிஸ்தவன் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கு பாரு. புருஷன் உயிரோட இருக்கறப்ப அவளை இன்னொருத்தனுக்குக் கட்டிக் குடுத்தா என்ன ஆகும்? இவர் பொய் சொல்லத் துணிஞ்சார். அந்தப் பாவத்துக்குத் துணியல. நாப்பது வருஷம் ஆனாலும் கூடாதுன்னு சொன்னது அதனாலதான்." லபீப் இத்ரீஸைப் பார்த்தார். "தம்பியைப் பத்திக் கேட்டா 'என் தம்பி'ன்னீங்க. குழியைப் பத்திக் கேட்டா 'அந்த மனுஷன்'னீங்க. ரெண்டும் ஒரே ஆள் இல்ல. அந்த மனுஷனை உங்க ஆளுங்க நடுவுல அடக்கம் பண்ண உங்களுக்கு மனசு வரல. அந்தக் குழியில வேற ஒருத்தன் படுத்திருக்கான். அன்னைக்கு வீட்டுல இருந்து போனவங்க ரெண்டு பேர். ஒருத்தன் மக்ஸ்ல மூட்டை தூக்கறான். பஸ்ல ஏறினதா நீங்க சொன்னவன் வீடு போய்ச் சேரல."

இத்ரீஸ் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

காலையிலிருந்து உட்காராத ரப்ஹா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். கணவன் உயிரோடு இருக்கிறான் என்ற சேதி அவள் முகத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது.

"நான் அழுத குழி அவளோடதா?" என்றாள்.



இத்ரீஸ்தான் அதற்குப் பதில் சொன்னார். "மிஃப்தாஹ்தான் ஃபிக்ரியை முள்கம்பி தாண்டிக் கூட்டிட்டுப் போனான். ராணுவம் அடைச்சு வச்ச எடம். அவருக்கு அஞ்சு அண்ணன் தம்பி. வழிகாட்டிதான் கூட்டிட்டுப் போய்க் கொன்னுட்டான்னு வந்து நின்னா, பதிலுக்கு ஒரு உசுரு கேப்பாங்க. செத்தவன்கிட்ட யார் என்ன கேக்க முடியும்? அதான் அவனைச் சாக வச்சேன். உன்கிட்டச் சொல்லாததுக்குக் காரணம், நீ அழறது நெஜமா இருந்தாத்தான் ஊர் நம்பும்."

"நல்லா அழுதேனா, அண்ணே?" என்று கேட்டாள் ரப்ஹா.

ஸக்லூலின் வண்டியில் நால்வரும் மக்ஸுக்குப் போனார்கள். முன்கண்ணாடித் துடைப்பான் ஒன்று உடைந்திருந்ததால் பாதி கண்ணாடி வழியாகத்தான் பாதை தெரிந்தது. இத்ரீஸ் முன்னிருக்கையில் கையைப் பிசைந்துகொண்டே வந்தார். போன வாரம்தான் தம்பியைப் பார்த்ததாகவும், அந்த பெல்ட்டை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறானே என்று திட்டித் தூக்கி எறியச் சொன்னதாகவும், பாட்டனார் பொருளை எறிய மனமில்லாமல் டீக்கடைக்காரனிடம் கொடுத்து வைத்ததாகவும், அவன் விற்றுவிட்டதாகவும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார்.

உப்பளத்தில் மழையில் கரைவதற்குள் மூட்டைகளைக் கொட்டகைக்குள் சேர்க்கும் ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. வரிசையில் ஐந்தாவதாக வந்தவன் மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தான். இடுப்பில் சணல் கயிறு கட்டியிருந்தான். ரப்ஹாவைக் கண்டதும் பின்னால் ஓரடி வைத்தான். ஓட இடமில்லை. பின்னால் தண்ணீர்.

அவள் அவனருகே போய் முகத்தைப் பார்த்தாள். தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது.

"புள்ளைங்க எப்படி இருக்கு?" என்றான் மிஃப்தாஹ்.

"அப்பன் இல்லாத புள்ளைங்க எப்படி இருக்கும், அப்படி இருக்கு."

"ரப்ஹா, நான்..."

"எங்கிட்ட அப்புறம் சொல்லலாம். அதுக்கு எனக்கு ஆயுசு பூரா இருக்கு. அவளுக்குச் சொல்லணும் முதல்ல."

அவனுக்கு எவள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. "அவங்க என்னைக் கொன்னுடுவாங்க."

"கொல்லலாம். இப்ப மட்டும் என்ன, உன்னைப் புதைச்சுட்டுத்தானே வந்திருக்கேன்? ஒரு தடவை அழுதவ இன்னொரு தடவை அழ மாட்டேனா? ஆனா அவ இன்னும் புருஷன் பஸ்ல வருவான்னு பாத்துட்டு இருக்கா. கொழந்தையைத் தூக்கிட்டு நம்ம வாசலுக்கே தேடி வந்தா. அதை நான் கண்ணால பாத்தேன். நீ பாக்கல."

"நான் முதல்ல போய்ப் பேசறேன்" என்றார் இத்ரீஸ்.

"வேண்டாம், அண்ணே. நீங்க பேசினது போதும்."

லபீப் டாக்ஸியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மிஃப்தாஹ் வந்து ஏறினான்.

தமன்ஹூரைத் தாண்டி அந்தக் கிராமத்துக்குப் போனபோது பிற்பகல் தொழுகை முடிந்திருந்தது. மழை நின்று, வாய்க்கால் ஓரமெல்லாம் சகதி. வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. ஊரில் காணாமல் போன ஆளின் வீடு எல்லோருக்கும் தெரியும். ரப்ஹா மட்டும் இறங்கிப் போனாள். கதவு திறந்தது, மூடியது.

ஸக்லூல் வண்டியின் இன்ஜினை அணைக்கவில்லை. "எதுக்கும் தயாரா இருப்போம், உஸ்தாத்" என்றான். லபீப் பின்னிருக்கையிலிருந்து எட்டிச் சாவியைத் திருகி அணைத்தார். அதற்கப்புறம் ஸக்லூல் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டான். நிறுத்தினான். மறுபடி போட்டான். மிஃப்தாஹ் பின்னிருக்கையில் அண்ணனுக்கும் லபீப்புக்கும் நடுவில் கையை முழங்காலுக்குள் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்டது. நீளமாக, ஒரே ஒரு தடவை. பிறகு ஒன்றுமில்லை. எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. வயலிலிருந்து இரண்டு பேர் மண்வெட்டியோடு ஓடிவந்து உள்ளே போனார்கள். இன்னொருவர் போனார். வாசலில் ஆட்கள் சேர்ந்தார்கள். டாக்ஸியைப் பார்த்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

அரை மணி நேரத்துக்குப் பிறகு நரைத்த தாடியோடு ஒருவர் வெளியே வந்தார். ஃபிக்ரியின் மூத்த அண்ணன் என்று அவர் நடையைப் பார்த்ததுமே தெரிந்தது. கூட்டம் வழிவிட்டது. அவர் நேராக டாக்ஸிக்கு வந்து குனிந்து, மூவரையும் பார்த்து, இளைத்தவனிடம் கண்ணை நிறுத்தினார். மிஃப்தாஹ் அண்ணனைத் தாண்டிக் கதவைத் திறந்து இறங்கி அவர் முன்னால் நின்றான்.

"என் தம்பி பொண்டாட்டி ஒண்ணு கேக்கச் சொன்னா. உடனே போயிட்டானா, இல்ல கெடந்தானா?" என்றார் அவர்.

அப்படிக் கேட்பார் என்று மிஃப்தாஹ் எதிர்பார்க்கவில்லை. அவன் இத்ரீஸைத் திரும்பிப் பார்த்தான். இத்ரீஸ் உதட்டை அசைத்தார். உடனே போய்விட்டான் என்று சொல் என்பது போல இருந்தது.

"உடனே இல்ல" என்றான் மிஃப்தாஹ். "மதியம் வரைக்கும் இருந்தார். தூக்கிட்டு வரப் பாத்தேன், தூக்க முடியல. மடியில தலையை வச்சுக்கிட்டேன். தண்ணி குடுத்தேன். அவருக்கு வலி தெரியல. காலு மரத்துப் போச்சு, கொஞ்சம் தேச்சு விடுன்னார்."

பெரியவர் காத்திருந்தார்.

"தேச்சு விட காலு இல்லைங்க. நான் தேச்சு விடறேன், தேச்சு விடறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்ப பரவாயில்லைன்னார். ரெண்டு தடவை சொன்னார், பரவாயில்லைன்னு. கலிமாவை நான் சொல்லச் சொல்லக் கூடவே சொன்னார். அதுக்கப்புறம்தான் போனார். பயம் எனக்கு அப்புறம் வந்ததுதான். அவர் இருந்தவரைக்கும் நான் எங்கயும் ஓடல."

பெரியவர் தாடியைக் கையால் அழுத்திக்கொண்டு சகதியைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வந்து வாசலில் நின்ற தம்பிகளில் ஒருவன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தான். இன்னொருவன் வைக்கவில்லை.

"ரத்தத்தைப் பத்தின பேச்சு அப்புறம். பெரியவங்க உக்காந்து பேசணும், அது இருக்கு, மறந்துடாதே" என்றார் பெரியவர். "இப்ப உள்ள வந்து, எங்கிட்டச் சொன்னதை அப்படியே அவகிட்டச் சொல்லு. எதையும் விடாதே."

அவர் திரும்பி நடந்தார். மிஃப்தாஹ் அவருக்குப் பின்னால், மண்வெட்டி பிடித்திருந்தவனைக் கடந்து, அந்த வீட்டுக்குள் போனான்.